கோழிக் கொட்டகையும் அம்மாவின் காய்ச்சலும்

பிள்ளைகளா, போன பொங்கலுக்கு மாமா ஏன் சீர் கொண்டுவரவில்லை என்று நீங்கள் இருவரும் மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். உங்கள் அம்மாவுக்கும் அவள் அண்ணனுக்கும் நடுவில் எந்தச் சண்டையும் இல்லை. சீர் வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னவன் நான். எதனால் என்று எழுதிவைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எனக்குப் புரிந்த மட்டில்தான் எழுத முடியும். பிசகு இருந்தால் உங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

போன வருஷம் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. நீர்க்கடுப்பு, குளிர், இடுப்பு வலி. மன்னார்குடியில் மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். சாப்பிடும்வரை தணிந்திருக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். சம்பா நடவு நடக்கும்போது வரப்பிலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சிறுநீரைச் சோதித்துப் பார்த்த டாக்டர், இது மாத்திரைகளுக்கெல்லாம் பழகிப்போன கிருமி, படுக்கவைத்து ஊசிதான் போடவேண்டும், விட்டால் கிட்னியில் ஏறிவிடும் என்றார். பிறகு எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். உங்கள் பக்கத்திலிருந்து இதே மாதிரி இன்னும் சிலர் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு எதையோ எழுதிக்கொண்டார்.

அவர் சொன்னது எனக்குள் தைத்துவிட்டது. அம்மா ஊசிக்குத் தேறி வீடு வந்த பிறகும் அதே நினைப்புதான். இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? மறுபடி வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? நம் தெருவுக்கு வரும் வாய்க்கால் மாமாவின் கோழிக் கொட்டகையை ஒட்டித்தான் வருகிறது. அதில்தான் துணி துவைக்கிறோம், பாத்திரம் அலசுகிறோம். கோழி எருவை நம் வயலுக்கும் இறைத்திருக்கிறேன். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி வண்டியில் வரும். வளர்த்துக் கொடுப்பது மட்டும்தான் மாமாவின் வேலை. தண்ணீரில் கலக்கச் சொல்லி ஒரு பொட்டலம் தருவார்கள். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. கிழித்துப்போட்ட உறை ஒன்றைப் போனில் படம் பிடித்து மெடிக்கல் கடையில் காட்டினேன். அம்மாவுக்கு முதலில் கொடுத்த மாத்திரையும் இதுவும் ஒரே இனம்தான் என்றார் கடைக்காரர். அதற்குமேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

நேரே கொட்டகைக்குப் போனேன்.

“மச்சான், அந்தப் பொட்டலத்தக் கலக்குறத நிறுத்துங்க. இவ ஒடம்பு இப்படி ஆனதுக்கு அதுதான் காரணம்னு தோணுது.”

மாமா தீவனத் தட்டை நிமிர்த்தி வைத்துக்கொண்டே சொன்னார். “ஏன் மாப்ள, என் கோழி சொவரேறிக் குதிச்சு உங்க வீட்டுக் கொடத்துல மூக்க விட்டுச்சா?”

“சிரிக்கிற விஷயமில்ல மச்சான்.”

“நானும் சிரிக்கல. உங்களுக்குப் பொண்டாட்டி ஆவுறதுக்கு முன்னாடியே அவ எனக்குத் தங்கச்சி.”

அதோடு அங்கே போவதை நிறுத்திக்கொண்டேன். நான் சொன்னது ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போய்ப் பெரிதாகிவிட்டது. யாருக்கு நீர்க்கடுப்பு வந்தாலும், எந்தப் பிள்ளைக்கு வயிற்றாலே போனாலும் கொட்டகையின் பேர்தான் அடிபட்டது. ஒருநாள் ரேஷன் கடை வாசலில் ஊர்க்காரர்கள் கூடினார்கள். கொட்டகையால்தான் இது வருகிறது என்று தெரிந்தால் அதைப் பிரித்துவிடவேண்டும் என்று மாமாவை ஒத்துக்கொள்ள வைத்தார்கள். இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அந்தக் கொட்டகையை நம்பித்தான் அவர் குடும்பமே இருந்தது. அவர், எப்படித் தெரியும், யார் சொல்வார்கள் என்று மட்டும் கேட்டார்.

மார்கழியில் ஒரு வேன் வந்தது. நீங்கள் லீவுக்குத் திருப்பனந்தாள் அத்தை வீட்டில் இருந்தீர்கள். இரண்டு பெண்கள் வாய்க்கால் மதகடியில் இறங்கிக் குப்பியில் தண்ணீர் பிடித்து ஐஸ் பெட்டியில் அடுக்கினார்கள். நம் பக்கத்தில் வெளியாள் வந்து மண்ணும் தண்ணீரும் எடுத்தால் வேறு அர்த்தமே கிடையாது. பூமிக்குள் குழாய் இறக்கி வாயு எடுக்க வந்தவர்கள் என்றுதான் எல்லோரும் நினைப்போம். கொஞ்ச நேரத்தில் வேனைச் சுற்றி ஆள் கூடிவிட்டது. ஒருவர் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். எந்தக் கம்பெனி, யார் அனுப்பியது என்று ஆளுக்கொரு கேள்வி. கிருமி பார்க்க வந்திருக்கிறோம் என்றாள் ஒரு பெண்.

“கிருமியா? போன தடவ வாயு எடுக்க வந்தவங்க நெலநடுக்கம் பாக்க வந்தோம்னாங்க” என்றார் சாவி வைத்திருந்தவர்.

எனக்கும் அந்தப் பெண்கள்மேல் நம்பிக்கை வரவில்லை. கூட்டத்தோடு நானும்தான் நின்றேன். அப்போது தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உங்கள் அம்மா வந்தாள்.

“இவங்கள வரச் சொன்னது நாந்தான். என் ஒடம்புல இருந்த கிருமியத்தான் தேடி வந்திருக்காங்க. வண்டிச் சாவியக் குடுங்க.”

கிருமி வந்த வழியைத் தேடிப் பார்க்க ஆஸ்பத்திரியிலேயே சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். என்னிடம் மூச்சுவிடவில்லை. வெளியாள் என்றாலே நான் வேண்டாம் என்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் பெண்களில் மூத்தவள், ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவள், நம் வீட்டில் உட்கார்ந்து விளக்கினாள். விதைநெல்லை வைத்துத்தான் அது எனக்குப் பிடிபட்டது. பொன்னி என்று எல்லா மூட்டையிலும் எழுதியிருக்கும், ஆனால் எல்லாம் ஒரே இடத்து விதையா என்ன? கிருமியும் அப்படித்தானாம். ஒரே பேரில் எங்கெங்கோ இருக்கும். அதன் உடம்புக்குள் நீளமாக ஓர் எழுத்து வரிசை உண்டு. கிருமி பெருகப் பெருக எப்போதாவது அதில் ஓர் எழுத்து மாறிப்போகும். இரண்டு கிருமிகளின் வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மாற்றம் அதிகம் இல்லையென்றால் நெருங்கிய சொந்தம். நிறைய மாறியிருந்தால் தூரத்து உறவு. அம்மாவின் கிருமிக்கு யார் சொந்தம் என்று பார்க்கப் போகிறார்கள்.

அதற்கு வீட்டுக்கு வீடு ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள். மூடியிலேயே சின்னக் கரண்டி இருந்தது. கக்கூஸ் போகும்போது எதை எடுத்து அதில் வைக்கவேண்டும் என்று சொன்னதும் தெருப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு எதற்கு, ஒரு தும்மல்கூட இல்லாதவனுக்கு என்று கேட்டேன். நோய் இல்லாதவர் வயிற்றிலும் அது பேசாமல் குடியிருக்கும் என்றாள். கோழியை விட்டுவிட்டு மனுஷனைச் சுற்றுகிறார்களே என்று எனக்கு எரிச்சல். கொடுத்துத் தொலைத்தேன்.

அவர்கள் கொட்டகைக்குப் போனபோது நானும் பின்னாலேயே போய் வரப்பில் நின்றுகொண்டேன். மாமா எதையாவது ஒளித்துவிடுவார் என்று நினைப்பு. அவர் கதவை அகலத் திறந்துவிட்டார்.

“எங்க வேணும்னாலும் சொரண்டிக்கங்கம்மா. தங்கச்சிக்கு நல்லதுன்னா கொட்டகையவே தூக்கிட்டுப் போங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “மாப்ள, அங்கேருந்து தெரியுதா? நாற்காலி போடவா?”

அந்தக் கோபத்தில்தான் சீர் வேண்டாம் என்று ஆள் விட்டேன்; பொங்கல் அப்படித்தான் போனது. அம்மா அடுப்பைப் பார்த்தபடியே பொங்கலை இறக்கினாள்.

முடிவு சித்திரையில் வந்தது. அந்தப் பெண் ஒரு தாளை விரித்தாள். கிளை கிளையாகப் பிரிந்து போகும் கோடுகள், நுனியில் கிருமிக்கு ஒன்றாகப் புள்ளிகள். ஒன்றைத் தொட்டு, அம்மாவைக் காட்டி, இது அக்காவுடையது என்றாள். அதோடு ஒட்டினாற்போல் இன்னொரு புள்ளி. அது யார் என்று கேட்டேன்.

“நீங்கதான் சார்.”

கோழிகளின் புள்ளிகள் தாளின் மறுபக்கத்தில், வேறு கிளையில் இருந்தன. டப்பா மாறியிருக்கும் என்றேன். அவர்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்து திரும்பவும் சோதித்தார்களாம்.

“அப்ப நாந்தான் இவளுக்குக் குடுத்தேனா?”

“அத சொல்ல முடியாது சார். நீங்க குடுத்திருக்கலாம், அவங்க உங்களுக்குக் குடுத்திருக்கலாம், ரெண்டு பேருக்கும் வேற எங்கேருந்தோ வந்திருக்கலாம். ரெண்டும் ஒரே குடும்பம், அது மட்டும் உறுதி.”

கோழிகளை ஒரேயடியாக நல்லவை என்று அவள் சொல்லவில்லை. அவற்றின் கிருமிகளும் மருந்துக்குப் பழகியவைதான், அந்தப் பொட்டலத்தை நிறுத்துவதே நல்லது என்றாள். ஆனால் அம்மாவின் உடம்பில் இருந்தது அது இல்லை. கக்கூஸ் போய்வந்தாலும் சாப்பாட்டைத் தொடுமுன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், உங்களுக்கு மருந்து ஒன்றும் வேண்டாம் என்று என்னிடம் சொன்னாள்.

வேன் போன பிறகு அம்மா கேட்டாள். “இப்ப எந்தக் கொட்டகையப் பிரிக்கப் போறீங்க?”

ரேஷன் கடை வாசலுக்குப் போய், இருந்தவர்களிடம் தாளில் பார்த்ததைச் சொன்னேன், என் புள்ளி உட்பட. கோழிக் கம்பெனி அந்தப் பெண்ணைக் கவனித்திருக்கும் என்றார் ஒருவர். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். எனக்கே அந்தக் கோடுகள் மேல் இன்றைக்கும் முழு நம்பிக்கை இல்லை. அந்த வாய்க்காலில் பாத்திரம் அலச இன்னும் நான் விடுவதில்லை. ஆனால் மச்சானின் கொட்டகையைப் பிரிக்கச் சொல்ல இனி எனக்கு வாய் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். கூட்டம் மெல்லக் கலைந்தது.

சாயங்காலம் கொட்டகைப் பக்கம் நடந்தேன். என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை. மாமா மன்னார்குடி போயிருந்தார் போலிருக்கிறது, ஆள் இல்லை. மேற்கே இருட்டிக்கொண்டு வந்து கோடை மழை பிடித்தது. கொட்டகையின் பக்கவாட்டுப் படுதா மேலே சுருட்டியபடி இருந்ததால் சாரல் உள்ளே அடித்தது. புதுக் குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டிருந்தன. கயிற்றைப் பிடிக்கப் போனவன் நின்றேன். வெளித் தொட்டியருகே சோப்பு இருந்தது. முழங்கை வரை தேய்த்துக் கழுவினேன். பிறகுதான் கயிற்றைத் தொட்டு, படுதாவை இறக்கி, காற்றுக்குத் தூக்காதபடி கீழே இழுத்துக் கட்டினேன்.