பன்றிக்கென்று வைத்த துப்பாக்கி

போலீஸ் வேலையில் திருடனைப் பிடிப்பதைவிடச் சிரமமானது, வீட்டில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் நல்ல மனிதர்களிடம் பேசி அதை வாங்குவது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் ஏட்டு. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பொதுமக்களிடம் பேச்சு வாங்கும் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும்.

சொந்தக்காரர் துப்பாக்கி

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைத் தாமாக வந்து ஒப்படைத்தால் கேஸ் இல்லை என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனோம். ஆவூர் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும் நேரம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஆட்டோவை ஒட்டியே நின்றார். பேர் கேட்பார்களா, கைரேகை எடுப்பார்களா, துருப்பிடித்திருந்தால் திட்டுவார்களா என்று வரிசையாகக் கேட்டார். “உங்க கிட்ட இருக்கா?” என்றேன். “சேச்சே, சொந்தக்காரர் ஒருத்தர் வச்சிருக்காரு” என்றார்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு உரச்சாக்கு கிடந்தது. பிரித்தால் துப்பாக்கி. அன்று மதியமே அந்த வெள்ளைச் சட்டைக்காரர் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏட்டம்மா, அந்தச் சாக்கு பத்திரமா வந்து சேந்துச்சுங்களா?”

பட்டறைக்காரர்

கள்ளத்தனமாகத் துப்பாக்கி செய்து விற்ற ஒரு வெல்டிங் பட்டறைக்காரரைப் பிடித்து வந்தோம். போர்வெல் மோட்டாருக்குப் பைப் கேட்டார்கள், செய்து கொடுத்தேன் என்று சாதித்தார். “மோட்டார் பைப்புக்கு எதுக்குய்யா விசை?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பட்டறைக்காரர் சொன்னார்: “கஸ்டமர் கேட்டா செஞ்சு கொடுக்கிறதுதாங்க சார் தொழிலு, எதுக்குன்னு கேட்டா அடுத்த தடவை வரமாட்டாங்க.”

ஆஸ்பத்திரியில்

கை சிதைந்து ஒருவர் வந்திருப்பதாகப் பெரியாஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. வாக்குமூலம் வாங்க நான்தான் போனேன். கீரனூர் பக்கத்து விவசாயி, பேர் சவரிமுத்து. வலது கை முழுக்கக் கட்டு. குக்கர் வெடித்துவிட்டது என்றார். குக்கர் எந்த ஊரிலும் கரிமருந்து வாசனை அடிக்காது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அவர் மனைவி லூர்துமேரிதான் உண்மையைச் சொன்னார். கடலைக் கொல்லையைப் பன்றி உழுது போடுகிறது, மனு கொடுத்தும் யாரும் வரவில்லை, இவர் யாரிடமோ துப்பாக்கி வாங்கினார். தைல மரக் காட்டோரம் குறி வைத்தபோது குழாய் பின்பக்கமாக வெடித்துவிட்டது. மூன்று விரல் போய்விட்டது. இனி மண்வெட்டி பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேஸ் போட்டாக வேண்டும் என்றேன். அந்தம்மா அழவில்லை. “போடுங்க. பன்னி கடலையைத்தாங்க தின்னுச்சு, இது இவரு கையையே தின்னுருச்சு.”

கூட்டத்தில் வந்த சண்டை

அந்த மாதமே ஒரு கிராமசபைக் கூட்டத்துக்குப் பந்தோபஸ்து போனேன். பன்றி விஷயம் கிளம்பியது. ஒரு பெரிய விவசாயி எழுந்து, “ஓட்டுப் போட எங்களை நம்புற கவர்மெண்டு, துப்பாக்கிக்கு மட்டும் ஏன் நம்ப மாட்டேங்குது? ஈசியா லைசென்ஸ் கொடுத்தா எவன் திருட்டுத் துப்பாக்கி வாங்கப் போறான்?” என்றார். நல்ல கைதட்டல். நியாயமான கேள்வி என்று எனக்கும் பட்டது. மேடையிலிருந்த அதிகாரி மேலிடத்துக்குத் தெரிவிப்பதாகச் சொன்னார்.

பின்வரிசையிலிருந்து ஒரு டீச்சர் எழுந்தார். அவருடைய அண்ணன் வரப்புத் தகராறில் பங்காளி சுட்டு இறந்தவர் என்பது ஊருக்கே தெரியும். “பன்னி கடலை வெளையிறப்பத்தாங்க வருது. சண்டை எப்ப வேணா வருது. அப்பவும் துப்பாக்கி வீட்டுலதானே இருக்கும்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

யார் காட்டிக் கொடுத்தது

அன்னவாசல் பக்கமிருந்து ஒரு பெண் வெறுங்கையோடு வந்தார். புருஷன் முயல் வேட்டைக்கு வைத்திருக்கும் துப்பாக்கியைக் குடித்தால் தன் பக்கம் நீட்டுகிறார், பிள்ளைகள் மிரண்டு போயிருக்கின்றன என்றார். மோட்டார் ரூம் பரணில் இருக்கிறதாம். “கேஸ் ஆனாலும் பரவாயில்லங்க, அது வீட்டுல இருக்கக் கூடாது. நான் சொன்னேன்னு மட்டும் தெரியக் கூடாது.”

மறுநாள் போனோம். தெரியாதவர்கள் மாதிரி மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர் எல்லாம் புரட்டிவிட்டுக் கடைசியாகப் பரணுக்கு வந்தோம். அந்தப் பெண் வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிள்ளைகள் மட்டும் அழவில்லை. ஜீப்பில் அந்த ஆள் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். “எவனோ பங்காளிதான் போட்டுக் கொடுத்திருக்கான், ஏட்டம்மா. வைக்கிற எடம் எம்பொண்டாட்டிக்கே தெரியாது.”

துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்று ஊர் எத்தனை நாள் வேண்டுமானாலும் விவாதிக்கட்டும், எந்தப் பக்கம் ஜெயித்தாலும் துருப்பிடித்த அந்தக் குழாய்களைத் துணியில் சுற்றிக்கொண்டு கோர்ட்டுக்கு பஸ் ஏறப்போவது நான்தான்.