நாற்காலிச் சட்டம்

அக்காவின் இன்டர்நெட் கடையில் ஒரு சட்டம் உண்டு. கல்லூரிக்கு விண்ணப்பம் போட வந்தால், படிக்கப்போகிற பிள்ளைதான் கணினி முன் உட்கார வேண்டும். பெற்றவர்கள் பின்னால் நிற்கலாம், வாயைத் திறக்கக்கூடாது. பதினோரு வருடமாக இதற்காக எத்தனையோ அப்பாக்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். அன்று காலையும் ஒரு லாரி முதலாளி, "என் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று எகிறினார்.

"காலேஜுக்கு நீங்களா போகப்போறீங்க? எந்திரிங்க சார்," என்றாள் அக்கா. மனிதர் எழுந்துவிட்டார். அவள் முறைத்தால் லாரியே ஒதுங்கும்.

நான் அவள் தங்கை. ஜெராக்ஸ் மெஷின் என் பொறுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் அக்காவிடம் மட்டும் அடக்கி வாசிப்பேன்.

அன்றுதான் கடைசி நாள். விருப்பப் பட்டியலை மாலை ஐந்து மணிக்குள் லாக் செய்ய வேண்டும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. முதலில் போட்ட கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வரிசைதான் எல்லாம். அக்கா மகளுக்கும் அதே கெடுதான். ஒரு மாதமாக அவள் சொன்னது ஒன்றே ஒன்று: ரயிலில் பதினான்கு மணி நேரம் தள்ளியிருக்கும் கல்லூரி, நிலவியல் படிப்பு. வரிசையைத் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

மதியம் அக்கா, மகளுக்காகக் கணினியில் தான் ஏற்றிய பட்டியலை அச்செடுத்து, ஒரு பிரதி எடுக்கச் சொன்னாள். தாளைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. பக்கத்துத் தெருக் கல்லூரி முதலிடத்தில், நிலவியல் ஆறாவது. நான் கவனித்ததை அக்காவும் கவனித்தாள். அடக்கி வாசித்தேன், என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

நாலே முக்காலுக்கு மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கணினி முன் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"ஓடிபி வந்திருக்கும் பாரு. சொல்லு, லாக் பண்ணிடறேன்."

"லிஸ்ட்ட ஒரு தடவ பாத்துக்கறேம்மா."

"எல்லாம் நீ எழுதிக் குடுத்ததுதான். சர்வர் வேற இழுக்குது. சீக்கிரம் சொல்லுடி!"

சர்வர் இழுத்தது மட்டும் உண்மை. மகள் போனை எடுத்தாள்.

"நாலு... ஏழு... ரெண்டு..."

"அக்கா," என்றேன். "நாற்காலில யாரு உக்காந்திருக்கா?"

அக்கா பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். பிறகு அந்தக் கோபம் வடிந்து, பயம் மட்டும் மிஞ்சியது. அத்தான் இறந்துபோன பிறகு அந்த வீட்டில் இருப்பதே இவர்கள் இரண்டு பேர்தான்.

அவள் எழுந்தாள். மகள் உட்கார்ந்து பட்டியலைப் படித்தாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. ஆறாவதை முதலுக்கு ஏற்றினாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு ஐம்பத்தாறுக்குப் புது ஓடிபி வந்தது. எண்களைத் தட்டிவிட்டு விரலை நிறுத்தினாள்.

"லாக் பண்ணட்டுமாம்மா?"

நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றிருந்த அக்காவுக்குக் கண் நிறைந்திருந்தது.

"என்கிட்ட ஏண்டி கேக்கற? நிக்கிறவங்க பேசக்கூடாது."