ராஜாராமனின் முன்கதைச் சுருக்கம்

சேலையூர் காலனியில் லோகநாயகியைத் தெரியாதவர்கள் குறைவு. டெலிபோன் இலாகாவில் இருபத்தாறு வருஷம் டிரங்க் கால் போட்டுக்கொடுத்த குரல். தெருமுனையில் பேசினால் கோடிவீடு வரை கேட்கும். எண்பத்தெட்டு ஐப்பசியில் ஒருநாள் அவள் ஆபீஸ் விட்டு வந்தபோது, கணவர் ராஜாராமன் வாசலில் வழிமறித்து, "யாரைப் பார்க்கணும்மா?" என்று கேட்டார்.

ரயில்வே பார்சல் ஆபீஸில் ரிடையரானவர் அவர். டாக்டர் பார்த்துவிட்டு, "இது வளர்கிற மறதி. மாத்திரை பெரிதாக உதவாது, பேச்சு கொடுத்துக்கொண்டே இருங்கள்" என்றார். லோகநாயகிக்கு அழ நேரமில்லை. தை மாதம் மகள் ரமாவுக்குக் கல்யாணம். மைத்துனர் ஸ்ரீநிவாசராகவன் அதைப் பற்றிப் பேசத்தான் வந்தார்.

"மன்னி, மணையில நானும் எங்காத்துக்காரியும் உட்கார்ந்து தாரை வார்த்துடறோம். அண்ணா நடுவுல எழுந்து யாரோட கல்யாணம்னு கேட்டா, சம்பந்தி முன்னாடி மானம் போயிடும்."

"தாலி கட்டறப்போ ரமா அவ அப்பா மடியிலதான் உட்காருவா. பொங்கல் கழிச்சு வந்து பாருங்கோ."

சொல்லிவிட்டாளே ஒழிய, எப்படி என்று அவளுக்கே தெரியாது. ராஜாராமன் கதை என்றால் சோறு மறப்பவர். அதனால் சாயங்காலம் நாவல் படித்துக் காட்டினாள். இரண்டாம் பக்கத்தில், "இந்தப் பொண்ணு யாரு?" என்றார். சொன்னாள். மூன்றாம் பக்கத்தில் மறுபடி கேட்டார். நாலாம் நாள் புத்தகத்தைப் பிடுங்கி எறிந்தார்.

சைக்கிளில் வாடகைப் புத்தகம் கொண்டுவரும் குப்புராஜ் அதைப் பொறுக்கித் தட்டிவிட்டு, பையிலிருந்து வேறொரு தடிப் புத்தகத்தை எடுத்தான்.

"இன்னாம்மா, சாருக்கு நாவல் பேஜாராப் போச்சா? இத்தப் படிச்சுக் காட்டுங்க. பழைய தொடர்கதை. வாராவாரம் பத்திரிகைலேருந்து கிழிச்சு யாரோ பைண்டு பண்ணி வச்சது. எடுக்க ஆள் இல்லாம தூங்கிகினு கீது."

தொடர்கதை பைண்டிங் படிக்கும் எல்லோரும் செய்வதையே லோகநாயகியும் செய்தாள். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் இருந்த 'முன்கதைச் சுருக்கம்' கட்டத்தைத் தாண்டிவிட்டுப் படித்தாள். மொத்தமாகக் கையில் இருக்கும் கதைக்கு அது எதற்கு? அவர் முழித்தார். மூன்றாம் நாள் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்து, "இதை ஏன் முழுங்கறே? படி" என்றார்.

ஐந்து வரி. யார் யார், இதுவரை என்ன நடந்தது, இப்போது எங்கே நிற்கிறார்கள். படித்து முடித்ததும் ராஜாராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த அத்தியாயம் முழுக்க ஒரு கேள்வி இல்லை.

மறுநாள் காப்பியோடு லோகநாயகி ஒரு தாளையும் கொண்டுவந்தாள்.

"முன்கதைச் சுருக்கம். ராஜாராமன் பார்சல் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மனைவி லோகநாயகி. மகள் ரமாவுக்குத் தை கடைசியில் கல்யாணம். நேற்று சர்க்கரை போதவில்லை என்று டம்ளரை உருட்டிவிட்டார்."

"சரியான முரடனா இருப்பான் போலிருக்கே" என்று சிரித்தார். பிறகு கையிலிருந்த டம்ளரைப் பார்த்து, "நானா?" என்றார்.

"நீங்கதான்."

"சரி, மேலே படி."

அன்றிலிருந்து காலைதோறும் ஒரு தாள். சில நாள் ஒன்றும் ஒட்டாது. தாளைக் கசக்கிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சில நாள் திருத்துவார்: "முப்பது இல்லே, முப்பத்தொண்ணு வருஷம்." பொங்கல் கழிந்து வந்த ஸ்ரீநிவாசராகவன் அதைக் கேட்டுவிட்டு, "மன்னி இஷ்டம். ஆனா நான் பக்கத்துலயே நிப்பேன்" என்றார்.

முகூர்த்தத்தன்று தாம்பரம் கல்யாண மண்டபத்தில், பெண் அறையிலேயே வைத்து ஐந்து வரி படித்துவிட்டு லோகநாயகி அவரை மணைக்கு அழைத்துப் போனாள். ரமா மடியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் ராஜாராமன் கையைத் தூக்கினார். ஸ்ரீநிவாசராகவன் ஓரடி முன்னால் வந்தார்.

"மாப்ளே, ஒண்ணு சொல்லிடறேன். இவ பொறந்த அன்னிக்குப் பேய்மழை. பல்லாவரத்துல ரயில் நின்னுடுத்து. தண்டவாளத்துமேலயே நடந்து வந்தேன். கால் பூராச் சேறுன்னு நர்ஸ் உள்ளே விடலே. வாசல்லேருந்து எட்டிப் பார்த்தேன், இவ கொட்டாவி விட்டா."

லோகநாயகி எந்தத் தாளிலும் எழுதாத கதை அது. இருபத்துமூன்று வருஷத்தில் அவளிடமே அவர் சொன்னதில்லை.

"மாமா, முகூர்த்தம் போயிண்டிருக்கு" என்றார் சாஸ்திரிகள்.

"இருங்கோ. அப்புறம் அந்த நர்ஸ் என்ன பண்ணினா தெரியுமா..."