அழகுராஜா கழுவிய தட்டு

ராக்கம்மாளுக்கு இந்த உலகத்தில் யாரையும் பிடிக்காது. ரேஷன் கடைக்காரன் திருடன். எதிர்வீட்டுக்காரி பெருமைப் பீத்தல். பஞ்சாயத்துத் தலைவர், வெள்ளை வேட்டிக்குள் இருக்கிற வெறும் வாய். அகரத்துக்குத் தெற்கே, நாற்பது வீடுகள் உள்ள அந்தச் சின்ன ஊரில் அவள் வாயில் விழாத ஆள் கிடையாது. ஆனால் எல்லாரையும்விட அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவளுடைய வீட்டுக்காரர் பொன்னுச்சாமிதான்.

பொன்னுச்சாமியை ஏமாற்ற வேண்டும் என்றால் யாரும் சிரமப்படத் தேவையில்லை. எதிரே போய் நின்றால் போதும். திண்டுக்கல்லுக்கு வெங்காயம் கொண்டுபோவார். தரகன் சொன்ன விலைக்குத் தலையாட்டுவார். கடைசியில் அந்தத் தரகனுக்கே டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவார். வந்ததும் ராக்கம்மாள் ஆரம்பிப்பாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மழைக்கு ஒதுங்கி நிற்கிறவர் மாதிரி, அது ஓய்கிற வரைக்கும் நிற்பார். அதைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் எரிச்சல் வரும்.

எண்பத்து மூன்றில் கிணறு அடியோடு வற்றியது. மாடு பூட்டிக் கமலை இறைத்த காலத்தில்கூட வற்றாத கிணறு என்று ஊரே சொன்னது. சொல்லி என்ன, வற்றியது வற்றியதுதான். முதலில் மாட்டை விற்றார்கள். பிறகு அவள் கழுத்தில் இருந்தது திண்டுக்கல் அடகுக் கடைக்குப் போனது. பொன்னுச்சாமி மண்டியில் மூட்டை தூக்கப் போனார். அவள் கடலைக்காட்டில் கூலிக்குப் போனாள். சோளக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாத நாட்களே அதிகம். உப்பையும் ஒரு மிளகாயையும் மகள் யுவராணிக்குக் கொடுத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் வெறும் கஞ்சியைக் குடித்தார்கள். அந்தக் கஞ்சியோடு சேர்த்து அவள் திட்டையும் அவர் குடித்தார்.

இந்த நேரத்தில்தான் அவள் தம்பி அழகுராஜா நாலு வருஷம் கழித்துத் துபாயிலிருந்து லீவில் வந்து இறங்கினான்.

வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே. வெயிலே இல்லாத சாயங்காலத்தில் கறுப்புக் கண்ணாடி. தெரு முனையில் வரும்போதே வீட்டுக்குள் வந்துவிடுகிற சென்ட் வாசனை. தோளில் ஒரு டேப் ரிக்கார்டர், அது பாடாத நேரத்திலும் தோளிலேயே இருந்தது. ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு கோடாலித் தைல பாட்டிலை வாங்கிக்கொண்டு, நேற்று வரைக்கும் 'வெட்டிப்பய' என்று கூப்பிட்டவனை 'அப்பு, அப்பு' என்று சுற்றி வந்தார்கள். ஒரு தைலத்துக்கு மரியாதையை விற்கிற கூட்டம் என்று ராக்கம்மாள் காறித் துப்பினாள். ஆனாலும் அவளுக்கு உள்ளே கொஞ்சம் பெருமைதான். தம்பியாயிற்றே.

"அங்க நான் சூப்பர்வைசருக்கா. எனக்குக் கீழ நாப்பது பேரு. மச்சானுக்கும் விசா கொண்டாந்திருக்கேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டா மூணு மாசத்துல பறந்துரலாம். ரெண்டு வருசத்துல கிணத்தையும் வெட்டிரலாம், மாடி வீடும் கட்டிரலாம்" என்றான் அழகுராஜா.

ஆள் பிடித்துக் கொடுத்தால் ஆளுக்கு இவ்வளவு என்று கம்பெனிக்காரன் அவனுக்குத் தருகிறான் என்பதை அவன் சொல்லவில்லை. ராக்கம்மாளும் கேட்கவில்லை. அவள் நேராக அடிகுழாய்க்குப் போனாள். "எங்க வீட்டு ஆளும் துபாய்க்குப் போகுது. இந்தப் பிச்சைக்காரப் பூமியில இனி எவ கிடப்பா?" என்று குடம் நிறைகிற வரைக்கும் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள். பொன்னுச்சாமி போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. அவரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அவன் பெண்டாட்டி பிள்ளைகள் மாமனார் ஊரில் இருந்ததால் அன்றைக்கு ராத்திரி அக்கா வீட்டில்தான் தங்கினான். தம்பிக்காகக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அழகுராஜா வேகவேகமாகச் சாப்பிட்டான். சுவரைப் பார்த்தபடி, தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல விழுங்கினான். அவன் வாய் மட்டும் ஏசி ரூமைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் எழுந்தான். எழுந்தவன் தட்டையும் எடுத்தான். துவைக்கிற கல் பக்கம் போய்க் குந்தி, சாம்பலைத் தொட்டுத் தட்டைத் தேய்த்தான். அலசிக் கவிழ்த்தான். பிறகு திரும்பி வந்து பொன்னுச்சாமியின் தட்டை எடுத்தான். அதையும் தேய்த்தான். ராக்கம்மாளின் தட்டுக்குக் கை நீட்டும்போதுதான் எங்கே இருக்கிறோம் என்பது அவனுக்கு நினைவு வந்தது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, "தண்ணி நல்லா சில்லுனு இருக்குக்கா" என்று சொல்லிச் சிரித்தான்.

குடித்த தம்ளரை ஒரு சாண் நகர்த்தி வைக்காத பையன் அவன். அவனுக்காக அந்த வீட்டில் ஆத்தாளும் அக்காளும் மாறி மாறிக் கழுவினார்கள். இந்த வேலையை அவன் மனது செய்யவில்லை. கை தானாகச் செய்தது. நாலு வருஷம் விடாமல் செய்தால்தான் கை அப்படிப் பழகும். அந்தக் கையையும் அவள் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் சிமெண்டு. சூப்பர்வைசராம்! விடிகாலை நான்கு மணிக்கு அவள் எழுந்தபோது அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, எவனோ வேலைக்குக் கூப்பிட வரப் போகிறான் என்பது போலச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

ராக்கம்மாளுக்கு இரக்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. சிமெண்டு சுமந்து, எவன் எவனோ தின்ற தட்டையும் கழுவிவிட்டு, அதைச் சென்ட் போட்டு மறைத்துக்கொண்டு, இன்னொருத்தனையும் அந்த வேலைக்கு இழுக்க வந்திருக்கிறான் என்று பல்லைக் கடித்தாள். பொன்னுச்சாமியை அந்த இடத்தில் வைத்து யோசித்துப் பார்த்தாள். இந்த மனுஷன் அங்கே போனால் நாற்பது பேர் தட்டையும் கழுவிவிட்டு, கழுவ விட்டதற்குக் கும்பிடும் போட்டுவிட்டு வருவார். எவனாவது திட்டினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். அந்த ஆளைத் திட்டத்தான் அவள் ஒருத்தி இருக்கிறாளே! அவளை விட்டால் எவனுக்கு அந்தப் பாத்தியதை?

ஆனால் அடிகுழாயில் பேசியாகிவிட்டது. பேசியதைத் திரும்ப வாங்குகிற வழக்கம் ராக்கம்மாளுக்குக் கிடையாது. எதிர்வீட்டுக்காரி சிரிப்பாள். அந்தச் சிரிப்பைவிடக் கஞ்சியில்லாமல் கிடப்பது மேல். அதனால் அவள் மேலும் ஒரு வாரம், "எப்பய்யா கெளம்பப் போறே?" என்று புருஷனைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் 'சரி' என்று சொல்லிவிடுவதற்குள் வேறு பேச்சை எடுத்தாள்.

கடைசியில் பொன்னுச்சாமிதான் ஒரு நாள் வாயைத் திறந்தார். "அம்மன்கிட்ட பூக்கட்டிக் கேட்டுருவோம். வெள்ளை வந்தா போறேன். செவப்பு வந்தா இங்கனயே கெடக்கேன்."

இந்த ஊரில் பெண் பார்ப்பதில் தொடங்கி, கிணறு தோண்டுவது வரைக்கும் அப்படித்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. அம்மன் காலடியில் வைத்துக் குலுக்கிச் சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வந்த பூதான் உத்தரவு. அழகுராஜாவும் ஒத்துக்கொண்டான். துபாய்க்குப் போகாதே என்று எந்த அம்மன் சொல்லப் போகிறாள் என்ற நினைப்பு அவனுக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு ராக்கம்மாள் பொட்டலம் கட்டினாள். வாழை இலைக் கிழிசலை மடித்து முதல் பொட்டலத்தில் செவ்வரளியை வைத்தாள். இரண்டாவதிலும் செவ்வரளியையே வைத்தாள். வாழைநாரால் இறுக்கிக் கட்டி, வெள்ளைப் பூவை மடியில் செருகிக்கொண்டாள். வழியெல்லாம் அம்மனோடு மனதுக்குள் சண்டை போட்டாள். 'நீ பாட்டுக்கு ஒண்ணைக் குடுத்துட்டு உக்காந்துக்குவே. இந்த ஆளைக் கட்டி மாரடிக்கிறவ நானு. கண்ணை மூடிக்கோ.'

கோயிலில் பாதி ஊர் கூடியிருந்தது. வேலை என்ன இருக்கிறது, வறட்சிதானே. பூசாரி வேலுசாமி பொட்டலங்களைக் குலுக்கினார். யுவராணி ஒன்றை எடுத்தாள். பிரித்தார். சிவப்பு.

"உத்தரவு இல்லையப்பா" என்றார் பூசாரி.

அழகுராஜாவுக்கு முகம் கறுத்துப்போனது. சடாரென்று குனிந்து மற்றப் பொட்டலத்தையும் எடுத்துப் பிய்த்தான். அதுவும் சிவப்பு. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. பொன்னுச்சாமியின் பார்வை தன் இடுப்புப் பக்கம் போனதை ராக்கம்மாள் பார்த்தாள். மடியிலிருந்து வெள்ளரளி இதழ் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நகர்ந்து அவளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"நாந்தேன் மாத்தி வச்சேன். எனக்குப் போகப் பயம்" என்றார்.

"தூ, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா மச்சான்? பேடி! எங்க அக்கா கூலிக்குப் போயி ஊத்துற கஞ்சியக் குடிச்சுக்கிட்டே கெட!" என்று கத்தினான் அழகுராஜா. "சாமிகிட்டயே பித்தலாட்டமா?" என்றது கூட்டம். பொன்னுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ராக்கம்மாள் வாயைத் திறக்கவில்லை. நாற்பது வீட்டையும் ஒரே மூச்சில் வைகிற வாய் அது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பொன்னுச்சாமிக்கு அன்று முதல் 'செவ்வரளி' என்று பட்டப்பெயர். அவருக்கு வந்த விசாவில் மேலத்தெருக் கருப்பணன் போவதாக முடிவானது. அவன் அதற்குள்ளாகவே ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிவிட்டான்.

மூன்றாம் நாள் பொன்னுச்சாமி கவலையோடு கேட்டார். "ஏ புள்ள, உடம்புக்கு ஆகலையா?"

"ஏன்?"

"மூணு நாளா என்னைய வையவே இல்லையே."

ராக்கம்மாள் அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

லீவு முடிந்து கிளம்புகிற அன்று மத்தியானம் அழகுராஜா சொல்லிக்கொண்டு போக வந்தான். பொன்னுச்சாமி மண்டிக்குப் போயிருந்தார். சோறு போட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேகவேகமாகத் தின்றான். தின்றுவிட்டுத் தட்டோடு எழுந்தான்.

"ஏலே, தட்டைக் கீழ வை."

"இல்லக்கா, கை கழுவத்தேன்..."

"வையிடா. இது உங்க அக்கா வீடு." தட்டை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். "அந்த மனுசனைப் பேடின்னு சொன்னேல்ல? அவருக்கு ஒண்ணுந் தெரியாது. ரெண்டு பொட்டலத்தையும் கட்டினவ நானு."

அவன் அவளையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பாதி தூரம் உயர்ந்த கை, எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"எப்பக்கா கண்டுபிடிச்ச?"

"வந்த அன்னைக்கே."

அழகுராஜா கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். இந்தத் தடவை எதற்கு என்று அவளுக்குத் தெரியும். "இரு, போகாதே" என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் போகாவிட்டால் அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு யார் கஞ்சி ஊற்றுவது? அவள் வீட்டிலேயே கஞ்சி கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பஸ்ஸுக்கு நடந்தான். வழியனுப்பக் கருப்பணன் பின்னாலேயே ஓடினான்.

அடுத்த வருஷம் மழை பெய்தது. கிணற்றில் தண்ணீர் ஊறியது. அதற்காக யாரும் வசதியாகிவிடவில்லை. அடகு வைத்தது முழுகிப்போனது, வீட்டுக் கூரை ஒழுகியது. சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பேசிய பஞ்சாயத்துத் தலைவர், தாய்மண்ணை விட்டுப் போகாத உழவர் என்று பொன்னுச்சாமியை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு துண்டு போர்த்தினார். தலைவருடைய மகன் அப்போது மஸ்கட்டில் இருந்தான். ராக்கம்மாள் வீட்டுக்கு வந்ததும் அந்தத் துண்டைக் கரித்துணியாக்கினாள்.

அதெல்லாம் பிறகு. அழகுராஜா கிளம்பிய அன்று சாயங்காலம் பொன்னுச்சாமி மூட்டை தூக்கிய உடம்போடு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அவள் அசதியாக இருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, சாப்பிட்டதும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏய்யா, வையிய்யா கீழ! தட்டுல கை வச்சே, கையை ஒடிச்சு அடுப்புல போட்டுருவேன்! மூட்டை தூக்கத் தெரியாது, வெங்காயத்துக்கு வெலை பேசத் தெரியாது, தட்டுக் கழுவ மட்டும் வந்துட்டாரு தொரை!"

தெரு முனை வரைக்கும் கேட்டது. பொன்னுச்சாமி தட்டைக் கீழே வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.