வட்டத்துக்குள் எழுதிய லயம்

“வட்டம் போட்டுக் கோடு இழுக்கவாடி உன்னைய இம்புட்டுப் படிக்க வச்சோம்? மந்திரிச்ச தகடு மாதிரில்லா இருக்கு!”

சென்ற ஆண்டு மழை ஓய்ந்த சமயம், சித்திரபுரம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், எங்கள் வீட்டில் நான் வரைந்துகொண்டிருந்த தாளை எட்டிப் பார்த்துவிட்டுச் சித்தி சொன்னது இது. அது மைண்ட் மேப். ஒரு சொல்லை நடுவில் எழுதி வட்டமிட்டு, அதைப் பார்த்ததும் தோன்றுவதையெல்லாம் சுற்றிலும் கிளை கிளையாக எழுத வேண்டும். ஏதாவது ஒரு கிளையில் கதை வந்து உட்காரும் என்று கைபேசியில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். எனக்கு ஒன்றும் வந்து உட்காரவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியையும் முடித்தேன். அந்தப் பெருமையை நான் மறைத்ததே இல்லை. குழந்தைகளுக்குப் படக்கதை செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அதற்குப் பாலக்காட்டில் இரண்டு நாள் பயிற்சி நடக்கிறது என்று தெரிந்ததும், வேலை பார்க்கும் ஹோம்ஸ்டேயில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கடைசி நாள் மாலைக்குள் ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும். அதைப் புத்தகமாகச் செய்து முடிக்கும் அடுத்த முகாமில் சிலருக்குத்தான் இடம். சித்தியிடம் அந்த முகாமில் இடம் பிடித்துக்கொண்டுதான் வருவேன் என்று வேறு சொல்லிவிட்டேன்.

பயிற்சி கொடுத்தவர் கல்பாத்திக்காரர், என்னைவிடச் சில வயது மூத்த பெண். போர்டில் ‘லயம்’ என்று எழுதினார். “யோசிக்கப்படாது. கை போற போக்குல எழுதுங்கோ.”

என் கை ஓடியது. தகரக் கூரை, பொதுக் குழாய், கக்கூஸ் வரிசை, சுவர், பக்கத்து வீட்டு இருமல். இவ்வளவு வேகமாக நான் எழுதியதே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், பக்கத்தில் இருந்த கொல்லங்கோட்டுப் பெண் என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, லயத்துக்கும் கக்கூஸுக்கும் என்னங்க சம்பந்தம்?”

அவள் தாளில் தாளம், மிருதங்கம், சலங்கை என்று கிளைகள். முன்வரிசையிலும் அப்படித்தான். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது.

“எங்க ஊருல லயம்னா வீடு” என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. “ஒரே நீளக் கூரைக்குக் கீழ வரிசையா வீடு. நான் பொறந்ததே அதுலதான்.”

சிரிப்பு நின்றது. பயிற்சியாளர் என் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். “நேக்கு இது தெரியாதே! இதையே வச்சுக்கோ. இல்லேன்னா புதுசா ஒண்ணு போட்டுப் பாரேன். எது சரின்னு நேக்கும் சொல்லத் தெரியலை.”

அவருக்கே தெரியவில்லை என்றால் நான் என்ன செய்வது? புதிய தாளில் மறுபடி ‘லயம்’ என்று எழுதினேன். ‘தாளம்’ என்று ஒரு கிளை இழுத்தேன். அதற்கு மேல் நகரவில்லை. மறுநாள் மதியமும் அதே ஒற்றைக் கிளைதான். மாலை நெருங்க நெருங்க, இரண்டு தாள்களையும் அருகருகே போட்டு மாறி மாறிப் பார்த்தேன். ஒன்றில் ‘சுவர்’. அதை ஒட்டினாற்போல மற்றதில் ‘தாளம்’. ஏன் என்று தெரியாமலே இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டேன்.

அப்போதுதான் எங்கள் வீட்டுச் சுவரில் தட்டும் சத்தம் நினைவில் கேட்டது. எங்கள் லயத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். பக்கத்து வீட்டு அத்தை தட்டுகிற விதத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். குழாயில் தண்ணீர் வந்தால் படபடவென்று. சர்க்கரை வேண்டுமென்றால் தயங்கித் தயங்கி. சண்டை என்றால் தட்டே வராது.

என் முறை வந்ததும் எழுந்து அதைத்தான் சொன்னேன். இரண்டு வீட்டு அம்மாக்களுக்குள் சண்டை. சுவர் ஊமையாகிவிடுகிறது. ஒருநாள் காலையில் ஒரு சிறுமி இந்தப் பக்கம் தட்டுகிறாள். எதற்காகத் தட்டுகிறாள் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் புரியவில்லை.

“அப்புறம் என்னங்க ஆச்சு?” என்றாள் கொல்லங்கோட்டுப் பெண்.

“தெரியலீங்க” என்றேன், அவளைப் போலவே.

பயிற்சியாளர் தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு, “சரி, முடிவோட வா” என்றார்.

இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமா, முடிவு இருந்தால்தான் இடம் என்று அர்த்தமா? திருப்பிக் கேட்க ரோஷம் விடவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் அடிமாலி வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் கொல்லங்கோட்டுப் பெண் போன் செய்து, “உங்களுக்கும் அன்னிக்கே இடம் கெடச்சிருச்சுங்க. அதுகூடத் தெரியாமயா ஊடு போய்ச் சேர்ந்தீங்க?” என்று சிரித்தாள்.

கதையின் முடிவில்தான் இன்னும் குழப்பம். போன வாரம் ஒரு தாளின் நடுவில் ‘தட்டு’ என்று எழுதி வட்டமிட்டேன். நான் நினைத்தது சுவரில் தட்டுவதை. கை எழுதியது சோற்றுத் தட்டு. அதிலிருந்து இன்னொரு கிளை, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு மூடி அனுப்பும் பலகாரத் தட்டு. முன்பென்றால் தப்பு என்று அடித்திருப்பேன். இப்போதெல்லாம் ஒரு சொல் என்னைக் குழப்பினால், அதற்குள் நான் இன்னும் நுழையாத வீடு ஒன்று இருக்கிறது என்று நம்புகிறேன். சண்டை போட்ட வீட்டு வாசலில் அந்தச் சிறுமி தட்டோடு நிற்பதை நேற்று வரைந்துவிட்டேன், அதில் என்ன பலகாரம் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.