காபி சாப்பிட்டதும் ஒன்று

பாண்டி பஜாரில் பட்டப்பகலில் என் கால்கள் என் பேச்சைக் கேட்க மறுத்தன. நேரே நடந்தால் இடப்பக்கம் இழுத்தன. எதிரே வந்த சைக்கிள் இரண்டாகத் தெரிந்தது. இரண்டுக்கும் வழிவிடப் போய் ஒரு பூக்காரம்மாவின் கூடைமேல் விழுந்தேன்.

அறுபதுகளின் கடைசி. மதுவிலக்கு அமலில் இருந்தது, குடித்தால் வழக்கு. போலீஸ்காரர் ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

"இன்னாய்யா, காலைலயே ஏத்திக்கினு வந்துட்டியா? ஊது!"

ஊதினேன். வாசனை இல்லை. அதில் அவருக்குக் கோபம் கூடிவிட்டது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு குழறியது. என் பையில் கைவிட்டார். ஒரு பாக்குப் பொட்டலம் வந்தது. பிரித்தால் உள்ளே வெள்ளை மாத்திரைகள்.

"அட, இது வேறயா!"

அந்தப் பொட்டலம் என் சாமர்த்தியம். உஸ்மான் ரோடு ஜவுளிக்கடையில் நான் சேல்ஸ்மேன். ஏணியில் ஏறி உச்சித் தட்டிலிருந்து புடவைக் கட்டுகளை இறக்குவது என் வேலை. எனக்கு வலிப்பு உண்டு என்று தெரிந்தால் அன்றே வேலை போய்விடும். அதனால் மாத்திரையைப் பாக்குத் தாளில் மடித்தேன். டாக்டர் எழுதிய சீட்டு மேற்கு மாம்பலம் வீட்டில், டிரங்குப் பெட்டிக்குள் தூங்கியது. சீட்டில்லாத மாத்திரை போலீஸ் கையில் கிடைத்தால் என்னவாகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

குடித்திருக்கிறேன் என்று சான்று வாங்க அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விஷயம் கேள்விப்பட்டு எங்கள் முதலாளி அண்ணாச்சியும் மூச்சிரைக்க வந்து நின்றார்.

பணியிலிருந்த லேடி டாக்டர் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். "தலையைத் திருப்பாம விரலை மட்டும் பாருங்க." விரல் பக்கவாட்டில் நகர்ந்தது. "நிஸ்டாக்மஸ் (கருவிழி தானாகத் துடிப்பது)" என்றார். குடித்தாலும் அது வருமாம். பிறகு மாத்திரையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்குச் சாப்பிடறீங்க?"

ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் அண்ணாச்சி. சொல்லாவிட்டால் வழக்கு, சொன்னால் வேலை போகும்.

"வலிப்புக்கு, டாக்டர்." அண்ணாச்சி பக்கம் நான் திரும்பவில்லை.

"ஃபெனிடாயின் (வலிப்பை அடக்கும் மருந்து). ஒரு நாளைக்கு எத்தனை?"

"சாப்பிட்டதும் ஒண்ணு."

"அப்ப மூணு."

"அஞ்சு, டாக்டர்."

"அஞ்சு வேளையா சாப்பிடறீங்க?"

விரல் மடக்கினேன். "காலையில காபி சாப்பிடுவேன். அப்புறம் டிபன் சாப்பிடுவேன். மத்தியானம் சாப்பாடு. சாயங்காலம் மறுபடி காபி சாப்பிடுவேன்..."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அடுத்த நிமிஷம் திட்டினார். இரண்டு மாதமாக அளவு மீறி மருந்து ரத்தத்தில் சேர்ந்திருக்கிறது. நடை தள்ளாடியதும் நாக்கு குழறியதும் ஒன்று இரண்டாகத் தெரிந்ததும் அதனால்தான். 'சாப்பிட்டதும் ஒன்று' என்று சீட்டு எழுதிய டாக்டருக்குக் காபி ஞாபகம் வரவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா நைனா?" என்று போலீஸ்காரர் பொட்டலத்தை நீட்டினார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரையே கட்டிப்பிடித்திருப்பேன்! மூளைதான் கெட்டுப்போகிறது என்று வாரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தேனே. அவர் பிடிக்காவிட்டால் அன்றும் ஏணியில் ஏறியிருப்பேன்.

இதே மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். மாத்திரையோடு சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பயந்துபோய் நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். விடாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். என்னை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, கண்காணிப்பில்தான் அளவைக் குறைத்தார்கள்.

பள்ளியில் இலக்கண வகுப்பில் மாத்திரை என்பது நேர அளவு என்று படித்தது இப்போதுதான் உறைக்கிறது. என் உடம்பில் இப்போது ஒரு நாளைக்கு மூன்று முறை மணி அடிக்கிறது. பசி வேறு, வேளை வேறு.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அண்ணாச்சி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை; ஏணி வேலையிலிருந்து கீழ்த்தட்டு விற்பனைக்கு மாற்றினார். எனக்கு முகம் சுண்டிப்போனது. ஒரு நாள் கடையில் முகூர்த்தக் கூட்டம். மணி ஒன்று. கல்லாவிலிருந்து குரல் வந்தது.

"ஏடே, வலிப்பு மாத்திரையப் போட்டியாடே?"

கடையே திரும்பியது. எதிரே புடவையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காது சுட்டது. இத்தனை நாள் பாக்குத் தாளில் மடித்து வைத்த சொல்!

"போட்டுட்டேன், அண்ணாச்சி!" என்று நானும் கத்தினேன்.

"அந்த அரக்குக் கலரை எடுங்க" என்றார் அந்த அம்மாள்.

தட்டில் அரக்குப் புடவை ஒன்றுதான் இருந்தது. எனக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது.