துன்யாவுட சாமான்

எங்கள் மடவளைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் துன்யா என்ற சொல் காலையிலிருந்து இரவு வரை புழங்கும். அரபியில் இருந்து வந்த சொல். இந்த உலகமும் இதிலுள்ள சொத்து சுகம் எல்லாமும் அதற்குள் அடக்கம். மறுமையை நினைத்து ஆசையைக் குறைக்கச் சொல்லும் நல்ல சொல்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதைச் சின்ன வயதிலேயே கவனித்து வைத்திருந்தேன். என் அண்ணன், அதாவது நானா, சைக்கிள் கேட்டால் அது தேவை. நான் படிக்க ஒரு மேசையும் கதிரையும் கேட்டால், "என்னத்துக்கு மகள், துன்யாவுட சாமான்" என்பார் வாப்பா.

கணவர் மவுத்தான பிறகு அந்தச் சொல் மறுபடி என்னைத் தேடி வந்தது. நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பாள், அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள். இரண்டாவது மாதத்தில் ஒரு பகல், அவருடைய நானா ஓர் ஆளோடு வந்தார். முற்றத்தில் நின்ற எங்கள் த்ரீவீலை, அதாவது ஆட்டோவை, அந்த ஆள் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு இருவரும் வீட்டு மண்டபத்தில் உட்கார்ந்து விற்பனை பேசினார்கள். அறையின் திரைக்குப் பின்னால் நான் இருப்பது தெரிந்தும்தான். திரைக்குள் இருப்பவளுக்குக் காது இருக்காது என்று நினைத்துவிட்டார் போலும்.

அந்த வண்டியில்தான் என் கணவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கண்டிக்கு ஏற்றி இறக்கினார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மைதானத்தில் எனக்கும் ஓட்டப் பழக்கினார். என் லைசன்ஸ் அலுமாரிக்குள் இருந்தது. இத்தா முடிந்ததும் நீங்களே ஓட்டுவீர்களா என்று இரண்டு தாய்மார் கேட்டுவிட்டும் போயிருந்தார்கள். எனக்கும் என் இரண்டு பிள்ளைகளுக்கும் வேறு பிழைப்பு இல்லை.

திரைக்குள் இருந்தே சத்தமாகச் சொன்னேன்.

"நானா, வந்தவரப் போகச் செல்லுங்க. வண்டி விக்கிறதுக்கில்ல."

 நானா மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, சும்மா நிண்டா துரு புடிச்சிப் போகும். இத்தாவில ஈக்கிற நேரம் துன்யாவுட சாமானப் பத்தி யோசிக்கப்படா."

"ஒங்கட தம்பிக்குத்தான் நானா துன்யா முடிஞ்சிட்டு. எனக்கும் என்ட பிள்ளைகளுக்கும் இன்னம் முடியல்ல."

வந்த ஆள் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது. நானா தேத்தண்ணீர் குடிக்காமலே போனார். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல.

இத்தாவை ஒரு நாள் குறையாமல் இருந்து முடித்தேன். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தேன். சந்தித் தேத்தண்ணீர்க் கடையில் இருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

துன்யாவுட ஆசை புடிச்ச பொம்பிள என்று என்னைப் பற்றிக் கல்யாண வீடுகளில் பேசுகிறார்களாம். பேசட்டும். மறுமையில் இந்த வண்டியைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்டால், அதில்தான் என் பிள்ளைகளை வளர்த்தேன் என்று நானே பதில் சொல்லிக்கொள்வேன்.